153 என்ற எண்ணை வைத்துக் கணித ஒப்படை செய்வது எப்படி? வன்னிப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

போன வருடம் மகளுக்குத் தரம் 8. கணிதக் கண்காட்சிக்கு ஒரு முழு எண்ணைத் தெரிவுசெய்து அதன் இயல்புகளைக் காட்ட வேண்டும் என்று பாடசாலையில் ஒப்படை கொடுத்தார்கள். நாங்கள் இருப்பது ஒட்டுசுட்டான் பக்கம். வீட்டில் ஒருவருக்கும் இது பழக்கமில்லை. கொமினிக்கேஷன் கடைக்குப் போய், நெற்றில் கிடந்ததைக் கலரில் பிரின்ற் எடுத்து, லமினேற் செய்து ஒட்டிக் கொடுத்தோம். 2,600 ரூபாய் முடிந்தது.

நடுவராக வந்த சேர் ஒரே ஒரு வரியைத்தான் வாசித்தார்: "இலக்கங்களின் கனங்களைக் கூட்டினால் அதே எண் வரும் ஒரேயொரு மூவிலக்க எண் 153."

"அப்ப 370, பிள்ளை?" என்று கேட்டார்.

3×3×3 என்றால் 27. 7×7×7 என்றால் 343. இரண்டையும் கூட்டினால் 370. நாங்கள் காசு கொடுத்து ஒட்டிய வசனம் பிழை. பிள்ளை தலை குனிந்து நின்றாள். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. அவள் தவறு ஒன்றும் செய்யவில்லை. சோதிக்காத ஒரு வரியை அவள் கையில் கொடுத்தது நாங்கள்தான்.

அடுத்த தவணையில் அதே எண்ணை முதலிலிருந்து கையாலேயே செய்தோம். அந்த ஒழுங்கைத்தான் கீழே எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அந்த நிலை வரக் கூடாது.

1. எண்ணைத் தெரிவு செய்யுங்கள் (ஒரு பின்னேரம்)

100க்கும் 500க்கும் இடையில் எடுங்கள். அதைவிடச் சிறிதென்றால் காட்டுவதற்கு அதிகம் இருக்காது. பெரிதென்றால் விறாந்தையில் விதை அடுக்கிக் காட்ட இடம் காணாது. முதன்மை எண்ணாக (1ஆலும் தன்னாலும் மட்டும் வகுபடுவதாக) இருந்தால் காரணிப் பகுதி இரண்டே வரியில் முடிந்துவிடும். முதல் தடவை செய்யும் பிள்ளைக்கு அது வேண்டாம்.

153 நல்ல எண். வேறு வேண்டுமென்றால் 496ஐப் பாருங்கள். தன்னைத் தவிர்ந்த காரணிகளைக் கூட்டினால் 496 என்றே வரும். 220உம் நல்லது. அதன் காரணிகளை அதேபோலக் கூட்டினால் 284. 284இன் காரணிகளைக் கூட்டினால் மறுபடி 220. எல்லோரும் 1729ஐ எடுக்க ஆசைப்படுவார்கள். அருமையான எண்தான். ஆனால் 12இன் கனத்தோடு 1இன் கனத்தைக் கூட்டினாலும், 10இன் கனத்தோடு 9இன் கனத்தைக் கூட்டினாலும் அதுதான் வரும் என்று சொல்லி முடித்தபின் தரம் 8 பிள்ளை தன் கையால் காட்ட அதில் அதிகம் இல்லை.

2. தொடங்குமுன் கேட்டு வைக்க வேண்டியவை

வகுப்பாசிரியரிடம் மூன்று விடயங்களைக் கேளுங்கள். பெயர் கொடுக்கக் கடைசி நாள் எது? முகப்புத் தாளில் யாருடைய கையொப்பம் வேண்டும்? காட்சித் தாளின் அளவு என்ன? பெயர் கொடுக்கும் நாளும் கண்காட்சி நாளும் ஒன்றல்ல. எங்களுக்கு முதலாவது நாள் பத்து நாள் முந்தியே முடிந்துவிட்டது, கெஞ்சித்தான் சேர்த்தோம். அறிவித்தல் பலகையில் ஒட்டியிருப்பதைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பிள்ளையின் வாய்ச்சொல்லை நம்பித் திகதியைக் குறிக்க வேண்டாம்.

இன்னொன்று செய்கைக் கொப்பி. 80 பக்கச் சாதாரணக் கொப்பி ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். வெட்டியது, பிழைத்தது எல்லாம் அதிலேயே இருக்கட்டும். இரண்டாந்தரம் நடுவர் காட்சித் தாளைவிடக் கொப்பியைத்தான் அதிக நேரம் புரட்டினார்.

காரணிகளும் எண் கோலங்களும் பிள்ளையின் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. புத்தகம் மழையில் போய்விட்டால், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ் மொழிமூலப் புத்தகங்களை இலவசமாக இறக்கலாம். முழுவதையும் பிரின்ற் எடுக்க வேண்டாம். தேவையான பக்கத்தைப் போனில் பார்த்தால் போதும்.

3. காரணிகள் (ஒரு மணித்தியாலம்)

153ஐ 2ஆல் வகுக்க முடியாது. 3ஆல் வகுத்தால் 51. அங்கேதான் பொறி. "51 முதன்மை எண் தானே அம்மா?" என்று மகள் கேட்டாள். நானும் ஓம் என்று சொல்லிவிட்டேன். பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் 5ஐயும் 1ஐயும் கூட்டினால் 6. அது 3ஆல் வகுபடும், ஆகவே 51உம் வகுபடும். 51 என்பது 3×17. அதனால் 153 = 3×3×17.

காரணிகளைச் சோடியாக எழுதுங்கள்: 1உம் 153உம், 3உம் 51உம், 9உம் 17உம். ஆறு காரணிகள். சோடியாக எழுதினால் ஒன்றும் தவறாது. எதுவரை தேடுவது என்று பிள்ளை கேட்டால் 12 வரை என்று சொல்லுங்கள். 12×12=144, 13×13=169. சோடியில் சிறியது 12ஐத் தாண்டினால் பெருக்கம் 153ஐத் தாண்டிவிடும்.

153ஐ விட்டு மற்ற ஐந்தையும் கூட்டினால் 1+3+9+17+51=81. அது 9×9. இதையும் எழுதலாம், ஆனால் பெரிதாகக் காட்ட வேண்டாம். அடுத்ததுதான் கண்ணுக்கு விருந்து.

4. புளியங்கொட்டை வேலை (இரண்டு பின்னேரம், செலவில்லை)

153 புளியங்கொட்டை எடுத்துக் கழுவிக் காயவிடுங்கள். பத்துப் பத்தாகக் குவித்து எண்ணினால் பிழைக்காது: பதினைந்து குவியலும் மூன்றும்.

விறாந்தையில் முதல் வரியில் ஒன்று, அடுத்த வரியில் இரண்டு, அதற்கடுத்து மூன்று என்று அடுக்கிக்கொண்டே போங்கள். பதினேழாவது வரியில் சரியாகப் பதினேழு வைத்து முடியும்போது கையில் ஒரு கொட்டையும் மிஞ்சாது. பிள்ளையின் முகத்தை அந்த நேரம் பாருங்கள். 153 ஒரு முக்கோண எண்: 1 முதல் 17 வரை கூட்டினால் வருவது.

அத்தோடு நிறுத்த வேண்டாம். பதினேழு உள்ள வரியைத் தொடாமல் விடுங்கள். ஒன்று உள்ள வரியைப் பதினாறு உள்ள வரியோடு சேருங்கள். இரண்டைப் பதினைந்தோடு, மூன்றைப் பதினாலோடு. இப்படியே எட்டை ஒன்பதோடு சேர்த்து முடித்தால் எட்டு வரிகள், ஒவ்வொன்றிலும் பதினேழு. தொடாமல் விட்டதோடு ஒன்பது வரி. 9×17=153. முதல் நாள் காரணிச் சோடியில் எழுதிய அதே 9உம் 17உம் நிலத்தில் வந்து நிற்கும். 17×18÷2 என்ற சூத்திரத்தைப் பிள்ளை பாடமாக்கத் தேவையில்லை. கொட்டையை நகர்த்தியவளுக்கு அது ஏன் என்று தெரியும்.

அதே கொட்டைகளில் இன்னும் இரண்டு உருவம் செய்யலாம். 12×12 சதுரம் ஒன்றும் 3×3 சதுரம் ஒன்றும்: 144+9. மற்றது எனக்கு மிகவும் பிடித்தது. 13×13 சதுரத்தின் ஒரு மூலையில் 4×4 இடத்தை வெறுமையாக விட்டு அடுக்குங்கள்: 169−16=153. இதிலும் 13இலிருந்து 4ஐக் கழித்தால் 9, 13ஓடு 4ஐக் கூட்டினால் 17.

பொறி என்னவென்றால் காற்றும் கோழியும். ஒவ்வொரு உருவத்தையும் முடித்த உடனே மேலிருந்து படம் எடுத்துவிடுங்கள். சீமெந்துத் தரையில் வெண்கட்டியால் கோடு கீறி அடுக்கினால் வரி கோணாது.

முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு இந்த எண் முன்னமே பழக்கம். யோவான் நற்செய்தி 21ஆம் அதிகாரத்தில் வலையில் பட்ட பெரிய மீன்கள் 153, வலையும் கிழியவில்லை. பிள்ளை விரும்பினால் ஒரு வரி எழுதட்டும். ஆனால் அது கணித இயல்பு இல்லை என்பது தெரிந்திருக்க வேண்டும்.

5. பெருக்கிக் கூட்டுவது (பத்து நிமிடம்)

1; 1×2=2; 1×2×3=6; 1×2×3×4=24; 1×2×3×4×5=120. ஐந்தையும் கூட்டினால் 153. ஒரு சிறு பெட்டியில் எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

6. கனங்களும் எங்கள் வீதிகளும் (மூன்று நாள்)

இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். முதலில் கொப்பியின் உள்மட்டையில் இந்த ஒன்பது கனங்களையும் எழுதி ஒட்டுங்கள்: 1, 8, 27, 64, 125, 216, 343, 512, 729. பூச்சியத்தின் கனம் பூச்சியம். பிள்ளைகள் அவசரத்தில் கனத்துக்குப் பதில் வர்க்கத்தை எடுத்துவிடுவார்கள். இந்தப் பட்டியல் அதைத் தடுக்கும்.

1இன் கனம் 1, 5இன் கனம் 125, 3இன் கனம் 27. கூட்டினால் 153. இது எல்லோரும் காட்டுவது. இதற்கு மேலேதான் விடயம் இருக்கிறது. 3இன் மடங்கு எதையாவது எடுங்கள். இலக்கங்களின் கனங்களைக் கூட்டுங்கள். வந்த எண்ணுக்கு மறுபடி அதையே செய்யுங்கள். எங்கே தொடங்கினாலும் கடைசியில் 153இல் வந்து நிற்கும், பிறகு நகராது.

எங்கள் வீட்டுக்கு முன்னால் போவது ஏ-34 வீதி. கிலோமீற்றர் கல்லைப் பார்த்துவிட்டு மகள்தான் கேட்டாள்: "அம்மா, ரோட்டு நம்பரைப் போட்டுப் பார்ப்பமா?" அன்றிரவு விளக்கு வைத்தபின் இருந்து செய்தோம்.

ஏ-9: 9 → 729 → 1080 → 513 → 153. நின்றுவிட்டது.

ஏ-34: 34 → 91 → 730 → 370 → 370. நின்றுவிட்டது.

ஏ-35: 35 → 152 → 134 → 92 → 737 → 713 → 371 → 371. நின்றுவிட்டது.

மாங்குளத்தில் ஏ-9ஐ விட்டுப் பிரிவது ஏ-34. பரந்தனில் பிரிவது ஏ-35. இரண்டும் போய்ச் சேருவது முல்லைத்தீவு. வன்னிக்குள் முக்கோணமாகக் கிடக்கும் மூன்று வீதிகளும் மூன்று வெவ்வேறு எண்களில் போய் நிற்கின்றன. நடுவர் கேட்ட 370 எங்கள் வாசலில் போகும் வீதியிலேயே இருந்தது. கொப்பியில் அதைக் கண்டபோது நாங்கள் இருவரும் பேசாமல் கொஞ்ச நேரம் இருந்தோம்.

இப்படித் தன்னிலேயே நிற்கும் மூவிலக்க எண்கள் நான்கு: 153, 370, 371, 407. நாலாவதுக்கு 47இல் தொடங்கிப் பாருங்கள். ஒரே படியில் 407. காட்சித் தாளில் "ஒரே எண்" என்று எழுதவே வேண்டாம்.

ஏன் இப்படி என்று நடுவர் கட்டாயம் கேட்பார். பிள்ளைக்கு விளங்குகிற விதமாக இதைச் சொல்லிக் கொடுங்கள். ஓர் இலக்கத்தின் கனத்திலிருந்து அந்த இலக்கத்தைக் கழித்தால், அடுத்தடுத்த மூன்று எண்களின் பெருக்கம் வரும். 7ஐ எடுத்தால் 343−7=336; அது 6×7×8. அடுத்தடுத்த மூன்று எண்களில் ஒன்று 3இன் மடங்காகத்தான் இருக்கும். ஆகவே இலக்கமும் அதன் கனமும் 3ஆல் வகுக்கும்போது ஒரே மீதியைத் தரும். ஓர் எண்ணும் அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையும் ஒரே மீதியைத் தருவதும் தெரிந்ததுதான். அதனால் எத்தனை படி போனாலும் மீதி மாறாது. 9க்கு மீதி 0, 153க்கும் 0. 34க்கு மீதி 1, 370க்கும் 1. 35க்கு மீதி 2, 371க்கும் 2. ஏ-9இல் தொடங்கியவர் 370க்குப் போகவே முடியாது.

எண்கள் பெருத்துக்கொண்டே போகாதா என்றும் கேட்கலாம். போகாது. நாலு இலக்க எண் எதை எடுத்தாலும் கனங்களின் கூட்டுத்தொகை 4×729, அதாவது 2916ஐத் தாண்டாது. அதைவிட நீளமான எண்கள் சுருங்கிக்கொண்டே வந்து இந்த எல்லைக்குள் விழும். ஆகவே சோதிக்க வேண்டியது ஓர் அளவுக்குள் அடங்கிவிடுகிறது.

அதையெல்லாம் கையால் செய்யப் பிள்ளையைக் கேட்க வேண்டாம். 99 வரை 3இன் மடங்குகள் 33. அதிலும் 12உம் 21உம் ஒன்றுதான், 3உம் 30உம் ஒன்றுதான். இலக்கங்கள் இடம் மாறினாலோ பூச்சியம் சேர்ந்தாலோ கூட்டுத்தொகை மாறாது. அப்படிக் கழித்தால் 18 கணக்குத்தான். ஒரு நாளைக்கு ஆறு. தாளில் எழுதும்போது "99 வரையான எல்லா மடங்குகளையும் நாங்கள் சோதித்தோம்" என்று உள்ளபடி எழுதுங்கள். 6இல் தொடங்கினால் பத்துப் படி வரும்: 216, 225, 141, 66, 432, 99, 1458, 702, 351, 153. கண்காட்சியில் செய்து காட்ட அது வேண்டாம், 9 போதும்.

இன்னுமொரு பொறி: 3ஆல் வகுத்து மீதி 1 வருபவை எல்லாம் 370க்குப் போவதில்லை. சில 1இல் நிற்கும். சில நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும்: 55 → 250 → 133 → 55. நடுவர் அப்படி ஓர் எண்ணைக் கொடுத்தால் பிள்ளை பயந்துவிடக் கூடாது. முன்கூட்டியே ஒருதரம் செய்து பார்க்கட்டும்.

7. தாளை இரண்டாகப் பிரியுங்கள்

எனக்குப் பிந்தித்தான் விளங்கியது இது. இயல்புகளில் இரண்டு வகை உண்டு. புளியங்கொட்டையில் காட்டியது எண்ணுக்கே உரியது. எண்ணை எழுதத் தெரியாதவரும் அந்த முக்கோணத்தை அடுக்கலாம். கனங்களின் கணக்கோ நாம் பத்தின் அடியில், அதாவது நூறு, பத்து, ஒன்று என்று பிரித்து, 1, 5, 3 என்று எழுதுவதால் வருவது. வேறு அடியில் எழுதினால் இலக்கங்களே மாறிவிடும். துவித எண்ணாக, அதாவது 0, 1 என்ற இரண்டு இலக்கங்களால் மட்டும், எழுதினால் 153 என்பது 10011001. முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்று. அதுவும் எழுதும் முறையால் வந்த அழகு. துவித எண் மேல் வகுப்புப் பாடம் என்றாலும் 128+16+8+1 என்று கூட்டிக் காட்டினால் தரம் 8 பிள்ளைக்கும் விளங்கும்.

தாளின் நடுவே கோடு கீறி இடப்பக்கம் "எண்ணின் இயல்பு", வலப்பக்கம் "எழுதும் முறையால் வரும் இயல்பு" என்று தலைப்பிடுங்கள். திருப்பி எழுதிய 351உம் முக்கோண எண், 1 முதல் 26 வரை கூட்டினால் வருவது; அதை வலப்பக்கத்தில் போடுங்கள், திருப்புவது எழுத்தில்தானே நடக்கிறது.

8. செலவும் நாட்களும்

இரண்டாந்தரம் எங்களுக்கு ஆயிரம் ரூபாய்கூட முடியவில்லை. டிமைத் தாள் மூன்று (ஒன்று பிழைத்தால் மாற்றுவதற்கு), மாக்கர் பேனை இரண்டு நிறத்தில், கொப்பி ஒன்று, கம் போத்தல், கொட்டைப் படங்கள் நாலு பிரின்ற். லமினேற் வேண்டாம்; வெளிச்சம் பட்டுப் பளபளத்து எழுத்துத் தெரியாது, பிழை கண்டால் திருத்தவும் முடியாது. தட்டச்சும் வேண்டாம். பிள்ளையின் கையெழுத்து கோணலாக இருந்தாலும் அதுதான் வேண்டும்.

எல்லாமாக இரண்டு கிழமை வையுங்கள். முதல் கிழமை கொப்பி வேலை முழுவதும் முடிய வேண்டும். அதற்குப் பிறகுதான் டிமைத் தாளைத் தொடலாம். முதலில் பென்சிலால், அடுத்த நாள் ஒவ்வொரு வரியையும் மறுபடி கூட்டிப் பார்த்துவிட்டு மாக்கரால். முகப்புத் தாளில் கையொப்பம் வாங்க இரண்டு நாள் தனியாக வையுங்கள். ஆசிரியர் லீவில் நிற்கக் கூடும். கடைக்கு மாங்குளமோ முல்லைத்தீவோ போக வேண்டியவர்கள் சாமான் எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் வாங்குங்கள்.

மாரி காலத்தில் கண்காட்சி வந்தால் தாளைச் சுருட்டி பிவிசி குழாய்த் துண்டுக்குள் வைத்து, இரண்டு பக்கமும் பொலித்தீன் கட்டிக் கொண்டு போங்கள். பஸ்ஸில் மேலே வைக்க வேண்டாம், மடியில் வைத்திருங்கள்.

9. அன்றைய நாள்

மேசையில் கொட்டைகளை அடுக்கி வைக்காமல் பையிலேயே கொண்டு போங்கள். நடுவர் வந்தபின் பிள்ளை அடுக்கிக் காட்டட்டும். முழு முக்கோணம் அடுக்க நேரம் போதாது. 1 முதல் 5 வரை, அதாவது 15 கொட்டையில் அடுக்கி, 5ஐத் தொடாமல் விட்டு, 1ஐ 4ஓடும் 2ஐ 3ஓடும் சேர்த்து மூன்று வரியில் ஐந்தைந்தாகக் காட்டினால் ஒரு நிமிடம். பதினேழு வரிக்கும் இதே வேலைதான் என்று சொல்லி 153இன் படத்தைக் காட்டட்டும்.

பிறகு நடுவரிடமே ஓர் எண்ணைக் கேட்கச் சொல்லுங்கள். 3இன் மடங்கா என்று முதலில் சொல்லிவிட்டு, அவர் கண்முன்னே தாளில் செய்யட்டும். மகள் கேட்டபோது அந்தச் சேர் 48ஐக் கொடுத்தார். 64உம் 512உம், 576. 125உம் 343உம் 216உம், 684. 216உம் 512உம் 64உம், 792. 343உம் 729உம் 8உம், 1080. அதைக் கண்டவுடன் அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "இனி ஏ-9 சேர், 513, பிறகு 153" என்றாள்.

பத்துக் கொட்டை கூடுதலாகக் கொண்டு போங்கள், வழியில் சிந்தும்.